மேஸ்திரியின் சித்தாந்தம்

‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? என் வீட்டுக்கு மேஸ்திரி முதல் நாள் சொன்ன தொகையும், கிரகப்பிரவேசத்தன்று நான் கூட்டிப் பார்த்த தொகையும் ஒன்றையொன்று முன்பின் அறியாதவை. கேட்டதற்கு அவர் சிரித்தார். “முழுசும் அன்றைக்கே சொல்லியிருந்தால் அஸ்திவாரமே தோண்டியிருக்க மாட்டீர்களே, சார்!”

இந்தச் சித்தாந்தத்தைச் சர்வகலாசாலை அறிஞர்களும் விவாதிக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி ஆப்பரா ஹவுஸ். 1957-ல், போட்டிக்கு வந்த 233 திட்டங்களில், யோர்ன் உட்ஸன் என்ற டென்மார்க்குக்காரருடையது தேர்வாயிற்று. அவருக்கு வயது 38. துறைமுகத்தின் ஓரத்தில் பாய் விரித்தாற்போன்ற கூரைகளை அவர் வரைந்திருந்தார். பார்க்க அழகுதான், அவற்றை எப்படி நிறுத்துவது என்பது அவருக்கே அப்போது தெரியாது. தெரியுமுன்பே, 1959 மார்ச்சில், வேலை ஆரம்பமாகிவிட்டது. தாமதித்தால் திட்டம் கைநழுவிவிடுமென்று மாகாண முதல் மந்திரி ஜோ கேஹிலுக்குப் பயம். அந்த அக்டோபரில் அவரே காலமாகிவிட்டார்.

கூரையின் சூட்சுமம் 1961-ல் பிடிபட்டது. எல்லாவற்றையும் ஒரே கோளத்தின் துண்டுகளாகச் செய்வது. ஆரஞ்சுத் தோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கீழே ஏற்கனவே எழுப்பியிருந்த தூண்களில் சில அந்தப் பாரத்தைத் தாங்காதென்று மாற்ற வேண்டியதாயிற்று. 1963 என்ற கெடு 1973 ஆயிற்று. 70 லட்சம் டாலர் என்ற மதிப்பீடு 10 கோடியே 20 லட்சம் ஆயிற்று. இடையில் 1965-ல் ஆட்சி மாறியது. புதிய மந்திரி பணத்தை நிறுத்தி வைத்தார். 1966 பிப்ரவரியில் உட்ஸன் விலகினார். சில வாரங்களில் குடும்பத்தோடு அந்தத் தேசத்தை விட்டே போய்விட்டார்.

1967-ல் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் மேஸ்திரியின் கட்சியைப் பேசினார். கிழக்குப் பாகிஸ்தானில், மூங்கிலை நம்பி ஒரு காகித ஆலை வைத்தார்கள். காட்டு மூங்கில் அவ்வளவும் ஒரே சமயத்தில் பூத்து மடிந்தது. ஆலைக்காரர்கள் அலைந்து திரிந்து மாற்று வழி கண்டார்கள். சங்கடம் முன்பே தெரிந்திருந்தால் ஆலையே வந்திராது. அறியாமையே ஒருவகையில் அநுகூலம் என்றார் ஹிர்ஷ்மன்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த வாதம் தித்திக்கிறது. முப்பதாவது அத்தியாயத்தின் அவஸ்தை தெரிந்தால் எவன் முதல் அத்தியாயத்தைத் தொடங்குவான்!

ஆனால் 2002-ல் பெந்த் ஃப்ளூபியர் என்ற டென்மார்க் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்களின் கணக்கைப் புரட்டினார்கள். பத்துக்கு ஒன்பதில் செலவைக் குறைத்தே சொல்லியிருந்தார்கள். வெறும் பிசகென்றால் சில கூடவும் சில குறையவும் இருக்க வேண்டாமா? அநுமதி வாங்குவதற்காகச் சொன்ன பொய் என்றே அவர்கள் தீர்மானித்தார்கள். ஆப்பரா ஹவுஸைப் பற்றி அவர் பின்னால் எழுதியதுதான் என்னை உலுக்கியது. அதன் உண்மையான விலை டாலரில் இல்லையாம். அந்த அவப்பெயரால் உட்ஸன் கட்டாமலே போன கட்டடங்கள்தாம் விலையாம். பிறகு அவர் கட்டிய பெரியவற்றில் எனக்குத் தெரிந்தவை பாக்ஸ்வேர்ட் மாதாகோவிலும் குவைத் பார்லிமெண்டும்.

2004-ல் ஆப்பரா ஹவுஸில் ஒரு கூடத்தை அவர் யோசனைப்படி மாற்றியமைத்து, அவர் பெயரையே சூட்டினார்கள். அந்த வேலையைக் கவனிக்க ஸிட்னிக்குப் போனவர் அவருடைய மகன். 2008-ல் உட்ஸன் காலமானார். முடிந்த மாளிகையை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.