மார்மன் வழிபாட்டிடங்களில் பிறர் நுழைவு

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினரான மார்மன்களுக்கு வழிபாட்டிடம் இரு வகை. சென்னை போன்ற ஊர்களிலுள்ள கூடுமிடங்களுக்கு ஞாயிறன்று யாரும் போகலாம். அப்பமும் சிறு குவளையில் தண்ணீரும் தட்டில் வரும்போது, வெளியார் எடுக்காமல் அடுத்தவரிடம் நகர்த்தினால் போதும். காணிக்கைத் தட்டு சுற்றி வராது. ஆலயம் வேறு. தகுதிச் சீட்டை வாசலில் காட்டும் உறுப்பினர் மட்டுமே உள்ளே சென்று வெள்ளுடை மாற்றிக்கொள்வர். பிறர் பார்க்கலாம், அர்ப்பணிப்புக்கு முந்தைய சில நாள்கள் மட்டும். இந்தியாவின் முதல் ஆலயம் பெங்களூருக்கு 2018-இல் அறிவிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் பணி தொடங்கியது.

இந்த வரம்பை நம்மவர் எளிதில் புரிந்துகொள்வர். மாகறல் திருமாகறலீசுவரர் கோயிலிலும் கருவறை வாசலோடு நின்றுதானே, உடும்பின் வால் போன்ற இலிங்கத்தைத் தீபாராதனை வெளிச்சத்தில் தரிசிக்கிறோம்.