அவதார வரிசையும் கைக்கோடரியும்: செங்கல்பட்டுக் கரையில் பரிணாமக் கொள்கை

முதலில் மீன், பிறகு ஆமை, பன்றி, பாதி விலங்கு பாதி மனிதன், குள்ளன், கடைசியில் முழு மனிதன். தசாவதாரத்தை இப்படி அடுக்கிக் காட்டி, டார்வின் சொன்னதை நம் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள் என்று முடிப்பது தமிழ் மேடைகளில் பழகிப்போன பேச்சு. கேட்பவருக்கு அது மிகப் பழைய கருத்தாகத் தோன்றும். உண்மையில் அந்த வாதத்துக்கு வயது நூற்றைம்பது ஆண்டுக்குள்தான். அது வேரூன்றியதில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. அதைக் கேள்விக்குள்ளாக்கும் சான்றுகளும் அதே மாவட்டத்து மண்ணிலும் பாறையிலுமே கிடைக்கின்றன.

முதல் சான்று மண்ணிலிருந்து வந்தது. 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில், செம்புரைக்கல் சரளை தோண்டிய ஒரு குழியருகே, மனிதக் கை செதுக்கிய கற்கருவி ஒன்றை எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் கொற்றலை ஆற்றுப்படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கைக்கோடரிகளைக் கண்டார். அன்று அந்த ஊரும் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. இன்று திருவள்ளூரில் இருக்கிறது. இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு தொடங்குவது இங்கேதான்.

ஆண்டைக் கவனிக்க வேண்டும். டார்வினின் நூல் வெளியானது 1859இல். பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் அழிந்துபோன விலங்குகளின் காலத்தவை என்பதை ஆங்கில ஆய்வாளர்கள் பிரெஸ்ட்விச், எவான்ஸ் ஆகியோர் நேரில் பார்த்து ஏற்றதும் அதே ஆண்டில். மனித இனத்தின் தொன்மை பற்றிய புவியியலாளர் லயலின் நூல் வந்தது 1863இல். அக்காலத்து ஆங்கில விவிலியப் பதிப்புகள் பலவற்றின் ஓரத்தில், உலகம் படைக்கப்பட்ட ஆண்டு கி.மு. 4004 என்று பேராயர் அஷரின் கணக்கு அச்சாகியிருந்தது. ஐரோப்பா இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே பல்லாவரத்துக் கல்லும் வெளியே வந்துவிட்டது.

ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர், ‘தினவர்த்தமானி’யின் ஆசிரியர். ஆதியாகமத்தைத் தமிழில் தந்தவரின் வீட்டு மருமகனே, அதன் ஓரக் கணக்கில் அடங்காத கல்லைக் கண்டெடுத்தவர். சென்னை இலக்கிய அறிவியல் இதழில் 1866இல் வெளியான ஃபூட்டின் கட்டுரையோ படிவுகளையும் குவார்ட்சைட் கருவிகளின் வடிவங்களையும் பற்றிப் பேசுகிறது. மண்ணை மண்ணாகவே படித்த அந்த ஒழுக்கம்தான் அவர் முடிவுகளை இன்றும் நிற்க வைத்திருக்கிறது. பிற்காலத்தில் அவர் திரட்டியவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன; 1914, 1916 ஆண்டுகளில், அவர் இறந்தபின், அவற்றின் பட்டியல் அச்சேறியது.

புராணத்தையும் பரிணாமத்தையும் இணைத்துப் பேசும் முயற்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1877இல் எழுதிய ‘ஐசிஸ் அன்வெயில்ட்’ நூலில் விஷ்ணுவின் அவதாரங்களை உயிரின வளர்ச்சிப் படிகளோடு பொருத்தினார். 1882இல் கல்கத்தாவில் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென்னும் ஏறத்தாழ இதே ஒப்புமையைச் சொன்னார். அதே ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபை அடையாற்றில் குடியேறியது. அன்று அடையாறு சென்னை நகரத்துக்கு வெளியே, சைதாப்பேட்டை வட்டத்தில், செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தது. 1899 டிசம்பரில் சபையின் ஆண்டுவிழாவில் அன்னி பெசன்ட் அங்கே அவதாரங்களைப் பற்றி நான்கு சொற்பொழிவுகள் ஆற்றினார். மீன் முதலான அவதாரங்களை உயிர் வளர்ச்சியின் கட்டங்களாக விளக்கிய அந்தப் பேச்சுகள் நூலாகி நாடெங்கும் பரவின. ஆங்கிலம் படித்த இந்துக்களுக்கு அது மனத்துக்கு இதமான வாதம். நூறாண்டுக் காலம் ‘மூடநம்பிக்கை’ என்று பாதிரிமார் இகழ்ந்த புராணத்தை, மேலைநாட்டு அறிவியலே வழிமொழிவதாகக் காட்டியது அல்லவா? அந்தத் தேவையை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆனால் தேவை சான்றாகிவிடாது.

இதில் இரண்டு வேடிக்கைகள். பிளாவட்ஸ்கி டார்வினை ஏற்றவரே அல்ல. 1888இல் வந்த ‘இரகசியக் கோட்பாடு’ நூலில் அவர் மனிதன் குரங்கினத்திலிருந்து வந்ததை மறுத்து, குரங்குதான் மனிதனிடமிருந்து வந்தது என்று தலைகீழாக வாதிட்டார். அன்னி பெசன்டோ பிரம்மஞானியாவதற்கு முன் பிராட்லாவின் நாத்திகச் சங்கத்தில் முன்னணிப் பேச்சாளர்.

இரண்டாவது சான்று அடையாற்றிலிருந்து கடற்கரையோரமாக ஐம்பது கிலோமீட்டர் அளவு தெற்கே, மாமல்லபுரத்தின் ஆதிவராகக் குகைக் கோயிலில் உள்ளது. அங்குள்ள கிரந்தக் கல்வெட்டொன்று பத்து அவதாரங்களையும் வரிசையாகச் சொல்கிறது. ஏழு, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதை 1926இல் கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்தார். மீன், ஆமை, வராகம், நரசிம்மம், வாமனன் என்று தொடங்கி மூன்று இராமர்கள், அடுத்து புத்தர், கடைசியில் கல்கி என்று அது முடிகிறது. கண்ணன் பெயர் அதில் இல்லை. பரிணாம வாதம் பேசுபவர்கள் முதல் ஐந்தாறோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இங்கே தெரிகிறது. மூன்று இராமர்களுக்கும் புத்தருக்கும் இடையே எந்த உடற்கூற்று மாற்றத்தைக் காட்டுவது? புத்தர் அந்த வரிசையில் இருப்பது சமய வரலாற்றின் செய்தி. பிற சமயத் தலைவரையும் உள்வாங்கிக்கொண்ட வைணவத்தின் அரசியல் அதில் இருக்கிறது.

வரிசையும் எல்லா நூல்களிலும் ஒன்றல்ல. பாகவத புராணத்தின் முதல் கந்தம் இருபதுக்கு மேற்பட்ட அவதாரங்களை எண்ணுகிறது. அதில் வராகம் இரண்டாவது; மீன் பத்தாவது, ஆமை பதினொன்றாவது. அரசன் பிருதுவுக்குப் பிறகுதான் மீன் வருகிறது. அவதாரங்கள் எண்ணற்றவை என்றும் அந்த நூலே சொல்லிவிடுகிறது. பல்லவச் சிற்பியைக் கேட்டால் இன்னும் தெளிவாகும். வராகக் குகையில் அவன் செதுக்கிய பன்றி முகத்தான் பூமிதேவியைத் தன் தொடைமேல் ஏந்தியிருக்கிறான்; பாலூட்டிகளின் தோற்றம் குறித்த கருத்து எதுவும் அவன் உளியில் இல்லை, மூழ்கியவளை மீட்ட தெய்வத்தின் பரிவுதான் இருக்கிறது. அந்தச் சிற்பத்தைப் பரிணாமப் பாடமாக்கினால் அறிவியலுக்கும் வரவு இல்லை, பக்திக்கும் செலவுதான்.

தமிழ் மரபிலிருந்தும் இத்தகைய வாதம் எழுவதுண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுப்பதையும், மாணிக்கவாசகர் புல் முதல் தேவர் வரையிலான பிறவிகளை அடுக்குவதையும் பரிணாமத்தின் முன்னறிவிப்பு என்பார்கள். முதலாவது வகைப்பாடு, லின்னேயஸ் செய்ததும் வகைப்பாடுதான், அவரைப் பரிணாமவாதி என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாவது ஓர் ஆன்மா பல உடல்களில் அலைந்து களைத்ததைச் சொல்லும் பாட்டு. இயற்கைத் தேர்வில் ஆன்மாவுக்கும் இடமில்லை, முன்கூட்டிய இலக்கும் இல்லை. ஒன்று மற்றொன்றுக்குத் துணையும் அல்ல, பகையும் அல்ல.

சமரசமே வேண்டாம் என்றவர்களும் இம்மாவட்டத்துக்கு உண்டு. அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர், செங்கல்பட்டில் மிராசு என்னும் பரம்பரை நிலவுரிமை முறையை எதிர்த்து எழுதியவர், 1882இல் ‘இந்துமத ஆசார ஆபாச தரிசினி’யை வெளியிட்டார். அவர் சார்ந்திருந்த சென்னை நாத்திகர்களின் இதழ் ‘தத்துவ விவேசினி’ 1888 வரை நடந்தது. 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியதும் செங்கல்பட்டில்தான். அடுத்த சில ஆண்டுகளில் சிங்காரவேலர் அந்த இயக்கத்தின் இதழான ‘குடி அரசு’ வழியாகவே டார்வினைத் தமிழ் வாசகரிடம் கொண்டுபோனார். சாதியைப் பிறப்பின் விதி என்றவர்களுக்கு எதிரான கருவியாகவும் இங்கே உயிரியல் பயன்பட்டது. ஐரோப்பியத் தேவாலயச் சண்டையோடு இதைக் குழப்பக் கூடாது.

மண் இதற்கிடையே தன் கணக்கைத் திருத்திக்கொண்டே வந்தது. சாந்தி பப்புவின் குழு அத்திரம்பாக்கத்தில் நடத்திய அகழாய்வு, அங்குள்ள பழங்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டியது. அதே இடத்தில் நடுப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டதை 2018 ஜனவரி இறுதியில் ‘நேச்சர்’ வெளியிட்டது. குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆகவே டார்வின் தவறு என்று மத்திய இணையமைச்சர் ஒருவர் பேசியதும் அதே மாதத்தில்தான். 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து பரிணாமத்தை நீக்கியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள்.

தசாவதாரம் டார்வினுக்கு முன்னோடி என்று மகிழ்பவர்களும், டார்வின் பொய் என்று முழங்குபவர்களும் செய்வது ஒரே வேலை: கல்லைப் படிக்காமல் தீர்ப்புச் சொல்வது. ஆதிவராகக் கல்வெட்டையும் அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியையும் அருகருகே வைத்து, ஒன்றை மற்றொன்றால் நிரூபிக்க முயலாமல், இம்மாவட்டப் பள்ளிகளிலாவது கற்பிக்க வேண்டும். பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஒரு நாள் பூண்டியில் உள்ள தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்துக்கும் அவர்களைக் கூட்டிப்போகலாம்.