சூரியகாந்தியைத் தராசில் ஏற்றிய பாதிரியார்

ப்ளஸ் டூ தாவரவியல் செய்முறையில் நீராவிப்போக்கு என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ரெக்கார்டு நோட்டுதான். தொட்டிச் செடியை மணிஜாடியால் மூடி வைக்க வேண்டும். உள்பக்கம் நீர்த்துளி படிந்தால் சோதனை முடிந்தது. போட்டோமீட்டரில் காற்றுக்குமிழ் எவ்வளவு நகர்ந்தது என்று குறிக்க வேண்டிய இடத்தில், போன வருஷ சீனியர் நோட்டிலிருந்த எண்களை அப்படியே எழுதினேன். (நீங்களும் அப்படித்தானே? பொய் சொல்லாதீங்க!)

அப்படி எழுதியவனுக்கு, பிறகு ஸ்டீபன் ஹேல்ஸைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

முதலில் பின்னணி. 1628-ல் வில்லியம் ஹார்வி, உடம்பில் ரத்தம் சுற்றி ஓடுகிறது என்று எழுதினார். அடுத்து பலருக்கும் வந்த சந்தேகம்: மரத்திலும் சாறு இப்படித்தான் மேலே போய்க் கீழே வந்து சுற்றுகிறதோ? கேட்க அழகான யோசனைதான். ஆனால் அளந்து பார்த்தவர்கள் குறைவு. 1699-ல் ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினா போன்ற செடிகளைத் தண்ணீர்க் குப்பிகளில் வளர்த்து எடை பார்த்தார். செடி உறிஞ்சிய தண்ணீரில் பெரும்பகுதி உடம்பில் தங்காமல் காற்றில் போய்விடுகிறது என்று கண்டார்.

ஹேல்ஸ் (1677–1761) லண்டன் அருகே டெடிங்டன் என்ற ஊரில் பாதிரியார். ஆய்வுக்கூடத்து உத்தியோகம் எதுவும் கிடையாது. 1724 ஜூலை 3-ஆம் தேதி, தொட்டியில் வளர்ந்த மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி ஒன்றை எடுத்துக்கொண்டார். தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடி, இடுக்குகளை எல்லாம் அடைத்தார். காற்றுக்கு ஒரு குறுகிய கண்ணாடிக் குழாய், தண்ணீர் ஊற்ற இன்னொரு குழாய், அதற்கு ஒரு தக்கை. அவ்வளவுதான் கருவி! ஆகஸ்ட் 8 வரைக்குள் பதினைந்து நாட்கள் காலையும் மாலையும் எடை போட்டார்.

கிடைத்த கணக்கு: பகல் 12 மணி நேரத்தில் செடி சராசரியாக இழந்தது 1 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது அரை கிலோவுக்கும் மேல். அதிகபட்சம் 1 பவுண்டு 14 அவுன்ஸ். வெப்பமான வறண்ட இரவில் சுமார் 3 அவுன்ஸ்தான். பனி பெய்த இரவில் இழப்பே இல்லை. பனி அதிகமானாலோ மழை பெய்தாலோ எடை கூடவும் செய்தது.

என்னைக் கவர்ந்தது இதற்கு அடுத்த வேலை. தொட்டி மண்ணால் ஆனது, அதுவும் ஈரம் கசியுமே? செடியை வெட்டிவிட்டு வெறும் தொட்டியைத் தனியாக எடை பார்த்தார். 12 மணி நேரத்தில் 2 அவுன்ஸ். அதைக் கணக்கில் கழித்தார். இலைகளை அளவுவாரியாகப் பிரித்து, நூலால் கட்டங்கள் கட்டிய சட்டத்தை மேலே வைத்து எண்ணினார். மொத்தப் பரப்பு 5616 சதுர அங்குலம். பருமனுக்குப் பருமன் பார்த்தால், மனிதனைவிடச் சூரியகாந்தி 17 மடங்கு அதிகமாக "வியர்க்கிறது" என்று கணக்கிட்டார்.

இலையோடு வெட்டிய கிளை நிறையத் தண்ணீர் குடித்தது, இலை பறித்த கிளை மிகக் குறைவாகவே குடித்தது. அப்படியானால் தண்ணீரை மேலே வரவழைப்பதில் இலைக்குப் பெரிய பங்கு உண்டு! சாறு ரத்தம் போலச் சுற்றவில்லை என்ற முடிவுக்கும் வந்தார். 1727-ல் இதெல்லாம் புத்தகமாக வந்தது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. உறிஞ்சும் பம்பால் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் தூக்க முடியாது. 100 மீட்டரைத் தாண்டிய மரங்கள் என்ன செய்கின்றன? உயிருள்ள செல்கள்தான் தள்ளுகின்றன என்று சிலர் நம்பினார்கள். 1890-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர், வெட்டிய மரங்களை விஷக் கரைசலில் நிறுத்தினார். தண்டின் செல்கள் செத்த பிறகும் நீர் ஏறியது. 1894-ல் டப்ளினில் டிக்ஸனும் ஜோலியும் விளக்கம் தந்தார்கள்: இலையில் நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகளின் தொடர் கயிறு போல மேலே இழுபடுகிறது. நம்ம ஜகதீஷ் சந்திர போஸ் 1923-ல் இதற்கு மாறாக, உயிருள்ள செல்களின் துடிப்பே சாற்றை ஏற்றுகிறது என்று நூல் எழுதினார். அதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பெரிய பெயர் சொன்னதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, பாருங்கள்.

உறிஞ்சிய நீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இப்படிப் போகிறது. வீண் செலவா? இல்லை. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர இலைத்துளை திறக்க வேண்டும். திறந்தால் நீர் போகத்தான் செய்யும். சாப்பாட்டுக்குச் செடி கொடுக்கும் விலை அது.

ஹேல்ஸ் அந்த 2 அவுன்ஸைக் கழிக்காமல் விட்டிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கழித்தார். என் ரெக்கார்டு நோட்டில் முழு மதிப்பெண் இருக்கிறது. குமிழ் உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.