வானளந்த நகரம்: தண்டவாளத்தின் மேல் பத்து மாடி

சிகாகோவின் 1871 பெருந்தீயும் ஓடிஸின் லிஃப்டும் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. இந்த வாரம் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தின் இரும்புச் சட்டகத்தைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அதற்குள் நுழையும் முன் கட்டடக் கலைஞர் ஜான் வெல்பார்ன் ரூட்டைப் பார்த்துவிட வேண்டும். அவரை ஒதுக்கிவிட்டு சிகாகோவின் உயரத்தைப் பேசுவது அநியாயம்.

ரூட் ஜார்ஜியாவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது சிறுவனாக லிவர்பூலுக்கு அனுப்பப்பட்டார். நியூயார்க்கில் பொறியியல் படித்தார். பியானோவிலும் ஆர்கனிலும் தேர்ந்தவர். 1873-இல் டேனியல் பர்ன்ஹாமுடன் கூட்டுச் சேர்ந்தார். வாடிக்கையாளரைப் பிடித்து வருவது பர்ன்ஹாமின் சாமர்த்தியம். கட்டடம் ரூட்டின் மூளையில் பிறக்கும்.

சிகாகோவின் தொல்லை மண்ணில் இருந்தது. ஏரிக்கரை ஈரக் களிமண். பாறையோ வெகு ஆழத்தில். சுமையைப் பரப்புவதற்காகத் தூணுக்கடியில் கல்லைப் பிரமிடு வடிவில் அடுக்குவார்கள். மாடி கூடக்கூட அந்தக் கற்குவியலும் பருத்து நிலவறையை அடைத்துக்கொள்ளும். அப்புறம் பாய்லரை எங்கே வைப்பது?

1882–83-இல் எழுந்த பத்து மாடி மான்டாக் கட்டடத்தில் ரூட் இதற்கு விடை கண்டார். ரயில் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே கான்கிரீட்டை ஊற்றினார். கனம் குறைந்த அகலமான மெத்தை! கல் அடைத்திருந்த இடம் காலியானது. என் கணக்கில், சிகாகோ உயர்ந்தது இந்தத் தண்டவாளங்களின் மேல்தான். பாடப்புத்தகங்கள் பெருமையை முழுக்க ஹோம் இன்ஷூரன்ஸை வடிவமைத்த வில்லியம் லெ பாரன் ஜென்னிக்கே கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மான்டாக்குக்குப் பணம் போட்டவர் பாஸ்டன் முதலாளி பீட்டர் புரூக்ஸ். அலங்காரம் அவருக்கு ஆகாது. அது வீண் செலவு, தூசி படியும் இடம். கலையறியாத கஞ்சன் என்று அவரைச் சிலர் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். அந்தக் கஞ்சத்தனம் இல்லையென்றால், அவருக்காக ரூட் வடிவமைத்த மொனாட்னாக் கட்டடம் கிடைத்திருக்காது. ரூட் முதலில் எகிப்தியச் சாயலில் அலங்காரங்களோடு அதை வரைந்தார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில், ஒப்பனையே இல்லாத வரைபடம் ஒன்றை பர்ன்ஹாம் போடச்செய்தார். திரும்பி வந்த ரூட் கொதித்தார். பிறகு அந்த மொட்டைத்தனத்தையே தனதாக்கிக்கொண்டார். இதை எழுதிவைத்தவர் அவருடைய மைத்துனி ஹாரியட் மன்றோ, பின்னாளில் 'பொயட்ரி' இதழைத் தொடங்கிய அதே கவிஞர்.

1891-இல் மொனாட்னாக் எழுந்தது. பதினாறு மாடி, பாரம் தாங்கும் செங்கல் வெளிச்சுவர். தரைமட்டத்தில் சுவரின் கனம் 6 அடி. அடியில் போட்டிருந்த மெத்தையையும் மீறி, கணக்கிட்டதைவிட அதிகமாகவே மண்ணில் அமிழ்ந்தது. ஆனாலும் சாயவில்லை, இன்றும் அதில் அலுவலகங்கள் நடக்கின்றன. ரூட் அதை முழுமையாகப் பார்க்கவில்லை. சிகாகோவில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்கான திட்டங்களின் நடுவே, அதே ஆண்டு ஜனவரியில் நிமோனியா அவரைக் கொண்டுபோனது. வயது 41.

மொனாட்னாக்கின் தடித்த சுவரையே தேவையற்றதாக்கிய ஜென்னியின் சட்டகம், 1885-இலேயே சில தெருக்கள் தள்ளி நின்றுகொண்டிருந்தது. அடுத்த வாரம் அங்கே போவோம்.