டெங்கில்: குடியிருப்புப் பகுதிகளில் லோரி நிறுத்தும் விதிகள்

டெங்கில், சிலாங்கூரின் சிப்பாங் மாவட்டத்தில் லங்காட் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர். ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் வளர்த்த இவ்வூரை இன்று புத்ராஜெயாவும் சைபர்ஜெயாவும் 1998இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமும் சூழ்ந்துள்ளன. மணல், செம்பனைக் குலை, சரக்கு ஏற்றும் லோரிகள் பகலில் இவ்வழியே ஓடுகின்றன. இரவில் அவற்றுள் சில, ஓட்டுநரின் வீடிருக்கும் கம்பத்திலோ தாமானிலோ ஒதுங்குகின்றன.

இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. பல சட்டங்களைச் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. முதன்மையானது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். பிறருக்கு ஆபத்தோ தடையோ மிகுந்த சிரமமோ விளையக்கூடிய விதத்தில் வாகனத்தைச் சாலையில் நிறுத்திவைப்பது அதன் 48ஆவது பிரிவின்படி குற்றம். விபத்து நடந்திருக்க வேண்டியதில்லை. நடக்கும் வாய்ப்பே போதும். தனியார் பராமரிக்கும் தனியார் பாதைகள் நீங்கலாக, பொதுமக்கள் சென்றுவரும் பாதைகளை இச்சட்டம் சாலை என்றே கருதுகிறது. ஆகவே கம்பத்து மண்பாதைதானே என்று சொல்லித் தப்ப இயலாது.

1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், சிப்பாங் நகராண்மைக் கழகம் போன்ற அமைப்புகளுக்குத் துணைச்சட்டம் இயற்றும் அதிகாரம் தருகிறது. துணைச்சட்டத்தை மீறுவோருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

சொந்த நிலத்தில் எத்தனை லோரி நிறுத்தினாலும் கேள்வியில்லை என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. விவசாய நிலம் லோரி டிப்போவாக மாறினால் அது நிலப் பயன்பாட்டு மாற்றம். திட்ட அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்தால், 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஈராண்டு வரை சிறை. நில நிபந்தனையை மீறியதற்காக நிலத்தையே அரசு பறிமுதல் செய்யவும் தேசிய நிலச் சட்டம் இடமளிக்கிறது. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய தெலுக் கோங்கில் கொள்கலன் கிடங்குகள் பெருகியபோது எழுந்த சிக்கலும் இதே வகைதான்.

குடியிருப்புச் சாலைகள் காருக்காகப் போடப்பட்டவை. அச்சின் பாரம் இரட்டித்தால் சாலைக்கு நேரும் தேய்மானம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது 1950களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய சாலைச் சோதனைகளில் தெரியவந்தது. கால்வாய் ஓரம் உடைவது ஒருபுறமிருக்க, நின்றிருக்கும் லோரி பார்வையை மறைப்பதே பெரிய ஆபத்து. அதன் பின்னாலிருந்து ஓடிவரும் குழந்தை மோட்டார் சைக்கிளோட்டியின் கண்ணுக்குப் படாது.

எனினும் ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமன்று. புத்ராஜெயாவுக்காக நிலம் எடுக்கப்பட்ட பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. அத்தகைய குடியிருப்பில் வாழ்ந்து, விடியுமுன் முதல் நடைக்குக் கிளம்பும் ஓட்டுநர் லோரியை எங்கே விடுவார்? வண்டி பெரும்பாலும் அவருடையதன்று. சரக்கு வாகன உரிமம் பெறுபவர் முதலாளி. 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், வாடகைக்குச் சரக்கு ஏற்றுவோருக்கு ஏ உரிமமும் சொந்தச் சரக்கு ஏற்றுவோருக்கு சி உரிமமும் வழங்கப்படுகின்றன. இரவு நிறுத்துமிடத்திற்கான பொறுப்பை உரிமதாரர் மீதே உறுதியாகச் சுமத்த வேண்டும். நகராண்மைக் கழகமும் கட்டணத்துடன் கூடிய லோரி நிறுத்துமிடங்களை ஊருக்கு வெளியே ஒதுக்க வேண்டும்.

புகார் செய்வோர் வண்டி எண், இடம், நேரம் ஆகியவற்றைப் படத்துடன் பதிந்துகொள்வது நல்லது. சாலைத் தடை போலீசுக்கும் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும் உரியது. துணைச்சட்ட மீறல் நகராண்மைக் கழகத்திற்கும், நில நிபந்தனை மீறல் மாவட்ட நில அலுவலகத்திற்கும் உரியவை.