முடியும் தொப்புள்கொடியும் சொன்ன சாட்சி

ஒருவர் உடலில் நச்சு வேதிப்பொருள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அவர் குடிக்கும் நீரையும் சுவாசிக்கும் காற்றையும் கொண்டு ஊகிப்பதைவிட, அவருடைய இரத்தம், சிறுநீர், முடி ஆகியவற்றில் அளந்து அறிவதே நம்பகமானது. இவ்வாறு உடலில் தங்கும் தடயங்களை அறிவியலாளர்கள் உயிர்க்குறியீடுகள் என்பர். இம்முறையின் வலிமையையும், அளந்தவர்கள் செயல்படாதபோது அது பயனற்றுப் போவதையும் ஒருங்கே காட்டுவது ஜப்பானின் மினமாட்டா நகர வரலாறு.

கியூஷு தீவிலுள்ள இந்நகரில் சிஸ்ஸோ நிறுவனம் 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருளைத் தயாரித்தது. வேதிவினையை விரைவுபடுத்தும் வினையூக்கியாகப் பயன்பட்ட பாதரசத்தின் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு கடலில் கலந்து, மீன்களில் சேர்ந்து, அவற்றை அன்றாடம் உண்ட மீனவக் குடும்பங்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. கைகால் மரத்தல், பார்வைப் பரப்பு சுருங்குதல், பேச்சுக் குழறல் எனத் தோன்றிய இந்நோய் 1956 மே 1 அன்று அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று; 1959இல் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமப் பாதரசமே காரணம் என்று அறிவித்தபோது நிறுவனம் அதை மறுத்தது.

மறுக்க முடியாத சான்று மக்களின் தலைமுடியில் இருந்தது. முடி வளரும்போது இரத்தத்திலுள்ள மெத்தில் பாதரசம் அதனுள் படிந்து நிலைத்துவிடுகிறது. 1960 முதல், மினமாட்டாவை ஒட்டிய ஷிரானுய் கடலோர மக்களிடம் குமமோட்டோ மாகாண நிர்வாகம் நடத்திய முடிச் சோதனையில், கோஷோவுரா தீவுப் பெண் ஒருவரிடம் பத்து லட்சம் பங்குக்கு 920 பங்கு பாதரசம் காணப்பட்டது. பெரியவர்களிடம் நரம்புப் பாதிப்பு தோன்றக்கூடிய அளவு 50 பங்கு என உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் குறித்ததை நோக்க, இதன் கொடுமை விளங்கும். ஆயினும் அசிட்டால்டிஹைடு உற்பத்தி 1968 மே வரை தொடர்ந்தது. ஆலைக்கழிவே காரணம் என்று அரசு அவ்வாண்டு செப்டம்பரில்தான் ஏற்றது.

நஞ்சு கருவை அண்டாதபடி நஞ்சுக்கொடி காக்கும் என்ற அன்றைய மருத்துவ நம்பிக்கையையும் மினமாட்டா தகர்த்தது. மீனே உண்டறியாத குழந்தைகள் இந்நோயுடன் பிறந்ததை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் ஹராதா மசசுமி. தமிழ்நாட்டில் உலர்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் காப்பதைப் போல, ஜப்பானியத் தாய்மார் அதைச் சிறு பெட்டியில் போற்றி வைப்பர். அவ்வாறு காக்கப்பட்ட கொடிகளை ஆய்ந்தபோது, குழந்தைகள் பிறந்த ஆண்டுகளில் ஆலையின் உற்பத்தி ஏறியிறங்கியதற்கேற்பக் கொடிகளிலுள்ள மெத்தில் பாதரசமும் ஏறியிறங்கியிருந்தது புலனாயிற்று.

முடியில் நஞ்சின் காலக்கணக்கையும் படிக்கலாம் என்பதை ஈராக் துயரம் உணர்த்தியது. பாதரசப் பூச்சிட்ட விதைக் கோதுமையை மக்கள் ரொட்டியாக்கி உண்டதால் 1971–72இல் 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 459 பேர் இறந்தனர். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், தாய்மாரின் முடியைத் துண்டுதுண்டாக ஆய்ந்து, கருவுற்ற எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு ஏறியது என்று ஆய்வாளர்கள் கணித்தனர்.

பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2013இல் மினமாட்டாவின் பெயராலேயே நிறைவேறியது. எனினும், எவருடைய உடலிலிருந்து அளவு எடுக்கப்படுகிறதோ அவருக்கே அது முதலில் சொல்லப்பட வேண்டும் என்பதும், அளவு மிகுந்தவுடன் நஞ்சின் ஊற்றை அடைப்பது ஆள்வோரின் கடமை என்பதும் நடைமுறையாகாதவரை, எவ்வளவு நுட்பமான அளவீடும் மக்களைக் காப்பாற்றாது.