சுமைப் பகிர்வும் மூட்டு நலமும்: கால் துண்டிக்கப்பட்டோரின் ஓட்டமுறை குறித்து

ஒரு காலை இழந்தவர் ஓடினால் மறுகாலின் மூட்டுகள் விரைவில் தேய்ந்துவிடும் என்ற அச்சத்தால் பலருக்கு ஓட்டப் பயிற்சியே கிடைப்பதில்லை. ஆனால் மூட்டைக் கெடுப்பது சுமை இரு கால்களிலும் ஒவ்வாமல் விழுவதே. ஓடும் முறையைக் கற்பிப்பதே அதற்குக் காப்பு என இக்கட்டுரை வாதிடுகிறது.

அச்சத்துக்கு அடிப்படை உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நார்வெல் குழுவினர் நடத்திய ஆய்வில் (2005), முழங்காலுக்கு மேல் துண்டிக்கப்பட்டோரிடம் மறுகாலின் முழங்கால் வலி கால் இழக்காதவர்களைவிட 3.3 மடங்காக இருந்தது. முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்டோரிடம் 1.3 மடங்கே. இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற, கால் இழந்த 44 பிரிட்டிஷ் வீரர்களைக் குல்கர்னி குழுவினர் ஆராய்ந்தபோது (1998), துண்டிக்கப்பட்ட பக்க இடுப்பு மூட்டுகளில் 61 சதவீதத்திலும் மறுபக்கத்தில் 23 சதவீதத்திலும் மூட்டுத் தேய்வு தெரிந்தது. ஆக, கேடு மிகுசுமை ஏற்கும் காலோடு நிற்பதில்லை. சுமை குறைந்த பக்கமும் நலிகிறது. இவ்விரு ஆய்வுகளும் ஓட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து நடந்தவை அல்ல. எனவே பழியை ஓட்டத்தின்மேல் சுமத்த இவை இடம்தருவதில்லை. பொதுமக்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுவோரில் 3.5 சதவீதத்தினருக்கே இடுப்பு அல்லது முழங்கால் தேய்வு இருந்தது. ஓடாதவர்களில் அது 10.2 சதவீதம்.

ஒவ்வாச் சுமையின் தெளிவான சான்று டெரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலக்காலை முழங்காலுக்கு மேல் இழந்த அவர், 1980இல் 143 நாட்களில் கனடாவில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செயற்கைக் கால் முன்வந்து சேரும்வரை இடக்காலால் இன்னொரு முறை குதித்தார். வலக்கால் ஒரு முறை ஊன்றும்போது இடக்கால் இரு முறை தரையைத் தாங்கியது. காலுக்குக் கால் மாற்றி ஓடும் முறை பரவியபோது இந்த இரட்டைக் குதிப்பு தேவையற்றதாயிற்று. வான் ஃபிலிப்ஸ் வடிவமைத்த கார்பன் இழைப் பாதமும் 1980களில் வந்தது.

ஆயினும் கருவி மட்டும் போதாது. ஒரு காலில் கார்பன் இழைத் தகடு அணிந்த விரைவோட்டக்காரர்களை அளந்த கிராபோவ்ஸ்கி குழுவினர் (2010), அக்கால் தரையில் செலுத்தும் விசை மறுகாலைவிட 9 சதவீதம் குறைவு எனக் கண்டனர். கணுக்கால் தசை இல்லாத இடத்தை இடுப்புத் தசைகளே ஈடுசெய்ய வேண்டும். ஆகவே பயிற்சியின் முதல் பாடம், பிட்டத் தசையால் செயற்கைக் காலை நம்பிக்கையோடு கீழும் பின்னும் தள்ளுவது. இரண்டாவது, இரு பக்கக் காலடி நேரங்களையும் நெருக்கமாக்குவது. மூன்றாவது, காலடியின் நீளத்தைக் குறுக்கி அடிகளை விரைவாக்குவது. கால் இழப்பில்லாத ஓட்டக்காரர்களில் அடிவேகத்தை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்கால், இடுப்புச் சுமை குறைவது 2011இல் காட்டப்பட்டது. தகட்டின் விறைப்பும் உயரமும் ஓடுபவரின் எடைக்கும் வேகத்துக்கும் பொருந்தினால்தான் இப்பாடங்கள் பலிக்கும்.

தகடும் தசையும் ஒருபோதும் ஒன்றாகா. அப்படியிருக்கச் சமநிலையை நாடுவது வீண் என்பர் சிலர். ஆனால் முழுச் சமநிலை இலக்கன்று. ஒவ்வோர் அடியிலும் மறுகால் ஏற்கும் மிகுசுமையைக் குறைத்தாலே போதும். ஓட்டத்தில் அடிகள் ஆயிரக்கணக்கில் சேர்வதால் சிறு குறைப்பும் பெரும் பயன் தரும். எனவே மறுவாழ்வு மையங்கள் வேகத்துக்கு முன் அடிநேரத்தை அளக்க வேண்டும். கைப்பேசிக் காணொளியே அதன் தொடக்கத்துக்குப் போதும். முழங்கால் வலித்தபின் ஓடாதே என்று தடுப்பதைவிட, ஓடத் தொடங்கும் நாளிலேயே முறையைக் கற்பிப்பது மருத்துவத்தின் கடமை.